இந்தா, உன் பாதி

கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் அவர் அவளை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். கூப்பிடுவதற்கும் இந்தா, எதையாவது கொடுப்பதற்கும் இந்தா. திரும்பிப் பார்த்தால்தான் எந்த இந்தா என்று தெரியும். கை நீண்டிருந்தால் கொடுக்கிற இந்தா. கை வெறுமனே தொங்கினால் சட்டைப் பொத்தான் அறுந்துபோன இந்தா. பெரும்பாலும் கை நீண்டுதான் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனுஷன்மேல் வீண் பழி போடக் கூடாது.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன் மாமா. அவர் ஹாரனே அடிப்பதில்லை, அதனால் வைத்த பெயர். குறுக்கே மாடு வந்தாலும் மந்திரி வந்தாலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொஞ்சம் வழி விடுங்க" என்பார். அவள் தையல்காரி. இரண்டாம் மாடியில் இருக்கும் அவர்கள் வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டி மெஷின். அவர் ஏற்றி இறக்குகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சீருடை தைப்பது அவள்தான். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை, குடும்பம் என்று வெளியூரில். ஆகவே வீட்டில் இரண்டே ஜீவன்கள், எதுவானாலும் இரண்டே பங்கு.

பங்கு என்றால் சாதாரணப் பங்கு இல்லை. ஒரு பன் வாங்கினால் பாதி. ஒரு வாழைப்பழம் உரித்தால் பாதி. டீக்கடையில் நின்றால் ஒரு டீ, இரண்டு கிளாஸ். பஸ்ஸில் யாரோ ஒரு குழந்தை பிறந்தநாள் என்று கொடுத்த சாக்லேட், சட்டைப் பையில் பாதியாக உருகிப்போய் சாயங்காலம் வீடு வந்து சேரும். உடைக்கும்போது ஒரு பக்கம் பெரிதாகப் போய்விட்டால் பெரியது அவளுக்கு. இதை அவர் வாயால் சொன்னதே கிடையாது. கை பாட்டுக்குச் செய்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தக் கைக்கு ஒரு புது வேலை வந்தது.

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற உடம்புப் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் நூற்று எழுபது என்று வந்தது. தலைவலி இல்லை, படபடப்பு இல்லை, ஒன்றும் இல்லை. இரும்பு மாதிரி இருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தார். இந்த வியாதி அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார் டாக்டர். விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் சான்றிதழில் கையெழுத்து. இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விஷப்பரீட்சை கூடாது என்பதில் டாக்டர் கறாராக இருந்தார். தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்தார். வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோடு. இரண்டு கட்டைவிரல் நகத்தையும் வைத்து அழுத்தினார். டக்.

"இந்தா."

"எனக்கு எதுக்குங்க? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"நேத்து தலை வலிக்குதுன்னு சொன்னியே."

"அது ஊசியில நூல் கோத்துக் கோத்து வந்த வலி."

"எந்த வழியா வந்தா என்ன, வலி வலிதானே. இங்க பாரு, நடுவுல கோடு போட்டிருக்கான். ஒரே ஆள் முழுங்கறதுக்குன்னா எதுக்குக் கோடு போடறான்?"

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சொன்னது ஒரு தையல்காரியிடம். காலையிலிருந்து சாயங்காலம்வரை துணியில் சாக்கட்டியால் கோடு போடுவதும், போட்ட கோட்டில் வெட்டுவதும்தான் அவள் பிழைப்பு. கோடு என்றால் இங்கே வெட்டு என்று அர்த்தம். அவள் ஊரில் கோட்டுக்கு வேறு அர்த்தம் கிடையாது. நியாயமாகத்தான் பட்டது.

நியாயமாகப் படாவிட்டாலும் வாங்கியிருப்பாள், அதுதான் உண்மை. அந்தக் கை நீண்டு அவள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த முகம் எப்படி ஆகும் என்று பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

மாதம் முடிந்து போனபோது அழுத்தம் நூற்று அறுபத்தாறு. தினமும் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அவர் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு நாள்கூடத் தப்பாமல் அத்தனை குழியும் காலி. பொய்யே இல்லை. டாக்டர் நெற்றியைச் சொறிந்துகொண்டு இன்னும் வீரியமான மாத்திரையாக எழுதினார். புதியது கொஞ்சம் பெரியதாக இருந்தது. நடுக்கோடும் நன்றாக ஆழமாக இருந்தது.

"பரவாயில்ல, இது சுத்தமா உடையுது" என்றார் அவர், திருப்தியாக.

அதிலிருந்துதான் அவளுக்குக் கிறுகிறுப்பு ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மெஷினை விட்டு எழுந்தால் போதும், அறை ஒரு பக்கமாகச் சாயும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஐந்தாறு எண்ணுவதற்குள் அறை பழையபடி நேராகிவிடும். கால் வீங்கிய மாதிரியும் இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். அப்புறம் வயசு என்று நினைத்தாள். அப்புறம் நாத்தனாருக்கு போன் செய்தாள்.

அவருடைய அக்கா அந்தக் குடும்பத்துக்குப் பாதி டாக்டர். தும்மல் சத்தத்தைப் போனில் கேட்டே மருந்து சொல்கிறவள். "ரத்தம் கம்மியா இருக்கும். பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றாள் திங்கட்கிழமை. "பித்தமா இருக்கும். இஞ்சி சாப்பிடு" என்றாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை, "என் தம்பியைப் பத்தின கவலைதான் உனக்குத் தலை சுத்துது. கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு, தானே கால் மணி நேரம் கவலைப்பட்டாள். பேரீச்சம்பழம், இஞ்சி இரண்டிலும் அவருக்குப் பாதி போயிற்று. கவலையை மட்டும் அவள் பங்கு வைக்கவில்லை.

வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். டாக்டர்தான் சொல்லியிருந்தாரே, அவருக்கு மனக்கலக்கம் கூடாது, உடனே ஏறிவிடும் என்று. பள்ளி திறக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. பஸ் இல்லாத அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விடுமுறையில்கூட ஷெட்டுக்குப் போய் பஸ்ஸைத் துடைத்துவிட்டு வருகிற ஆள். ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? ஒரு செவ்வாய்க்கிழமை, நின்றபடி சீருடைச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தவள் கிறுகிறுத்து, கத்தரிக்கோலோடு அப்படியே கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். முதுகுத் துணிவரை வெட்டு விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கோடு தாண்டியது அதுதான் முதல் தடவை. துணியைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பயமாக இருந்தது அவளுக்கு, நிஜமாகவே பயமாக இருந்தது.

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது கடைசிச் சுற்றுக்கு டாக்டரிடம் போனார்கள். இந்தத் தடவை அவளும் கூடப் போனாள். அவர் நாற்காலியில் கையை நீட்டி உட்கார, நர்சம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள்.

"நூத்தி அம்பத்தெட்டு."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "எனக்கே புரியல. இதுக்கு மேல வீரியமா குடுக்க யோசனையா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், எல்லா டெஸ்டும் எடுத்துப் பாருங்க. ஆனா இப்ப என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க."

அவர் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கி, பொத்தானைப் போட்டார். போட்ட பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சட்டென்று எழுந்தாள்.

அறை சாய்ந்தது. இந்தத் தடவை அது நேராகவில்லை.

கண்ணைத் திறந்தபோது பரிசோதனைக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் அதே பட்டை. தலைமாட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும், ஐயோ, ஏறிவிட்டிருக்குமே என்றுதான் முதலில் நினைத்தாள்.

"தொண்ணூறுதான் இருக்கு டாக்டர்" என்றாள் நர்சம்மா. உட்கார வைத்து, மெதுவாக நிற்க வைத்து, மறுபடி பார்த்தாள். "நின்னா எண்பதுக்கு இறங்குது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?"

"நான் மாத்திரையே சாப்பிடறதில்ல டாக்டர்."

"சத்து மாத்திரை, தூக்க மாத்திரை, யாராவது சொன்னாங்கன்னு ஏதாவது?"

"பேரீச்சம்பழம், இஞ்சி. வேற ஒண்ணும் இல்ல. அவரோடதுல பாதி, அவ்வளவுதான்."

டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அவரோடது எதுல பாதி?"

"இதுலதான், நீங்க எழுதிக் குடுத்ததுல. முழு மாத்திரையெல்லாம் நான் தொடறதே இல்ல டாக்டர்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். தன்மேல் ஏதோ சந்தேகம் விழுகிறது என்று புரிந்துகொண்ட அவர், வேகமாகத் தன் நாணயத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். "நான் ஏமாத்தல டாக்டர். உடைக்கும்போது எது பெருசா வருதோ அது அவளுக்குத்தான். பார்த்துப் பார்த்துத்தான் குடுப்பேன்."

நர்சம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மூணு மாசமா மாத்திரை வேலை செய்யலையேன்னு நான் மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கேன். அது பாட்டுக்கு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு, வேற ஆள்கிட்ட."

"நடுவுல கோடு போட்டிருக்கே டாக்டர்" என்றாள் அவள், குரல் இறங்கிப்போய்.

"அந்தக் கோடு, பாதிதான் வேணும்னு நான் எழுதினா உடைக்கிறதுக்கு வசதியா போட்டதும்மா. பாகப்பிரிவினைக்குப் போட்டது இல்ல."

"ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வாங்க" என்றாள் நர்சம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவர் நிஜமாவே அரை அரையா வைத்தியம் பண்ணியிருக்காரு."

அறையில் அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. "அப்போ இவளுக்கு வந்த மயக்கம்?" என்று கேட்டார்.

"உங்க பாதி மாத்திரையாலதான். நல்லா இருக்கற அழுத்தத்தைத் தினமும் கீழ இழுத்தா அது எங்கதான் போகும்?"

அவர் அவளைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"அஞ்சாறு வாரமா."

"சொல்லவே இல்லையே நீ."

"சொன்னா உங்களுக்கு ஏறும்னுதான்."

"மாடிப்படியில வந்திருந்தா?" என்று அவர் கேட்டார்.

டாக்டர் இப்போது சிரிப்பை விட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். அவளுக்கு இன்றோடு மாத்திரை கிடையாது. சில நாளில் தானாகவே சரியாகிவிடும். அதுவரை படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் சட்டென்று எழக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேலும் கிறுகிறுப்பு இருந்தால் நாத்தனாருக்கு அல்ல, இங்கே போன் செய்ய வேண்டும். அவருக்கு அதே மாத்திரை, முழுசாக. உப்பு கம்மி. காலையில் அரை மணி நேரம் நடை. இரண்டு வாரம் கழித்து வந்து காட்டினால் அப்போது பார்க்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் இப்போது வேண்டாம்.

"அரை மணி நேரம் ஆளுக்குங்க" என்று வாசல்வரை வந்து சொன்னாள் நர்சம்மா. "ஆளுக்குக் கால் மணியா பிரிச்சுக்காதீங்க."

வீட்டுக்கு நடந்தே போனார்கள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வராத பக்கமாக அவளை விட்டு நடந்தார். இரண்டு தெரு தாண்டினார்கள். சைக்கிள் கடை முன்னால் வந்ததும் நின்றார்.

"உனக்கு நானே விஷம் ஊட்டியிருக்கேன்."

"ஆமா, பெரிய பாதியா பார்த்து ஊட்டினீங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை என்றதும், "விடுங்க. நானும்தானே வாயைத் திறந்தேன். உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல" என்றாள்.

"அது தலைவலிக்குன்னு குடுத்தது இல்ல."

"பின்ன?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கு மாத்திரை எழுதும்போது அவர் சொன்னாரு. இதை ஒழுங்கா சாப்பிட்டா ரொம்ப நாள் இருப்பீங்கன்னு. வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கையில எடுத்தேனா, அதுதான் ஞாபகம் வந்தது. அவ்வளவு நாள் நான் மட்டும் இருந்து என்ன பண்றது? நடுவுல கோடு வேற இருந்தது. சரி, இருக்கற நாளை ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா இருந்துட்டுப் போவோம்னு..."

இருபத்தொன்பது வருஷமாக அவள் வாங்கித் தின்ற பாதிப் பாதிகள் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்துவிட்டன. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நடுத்தெருவில் கட்டிக்கொண்டு அழவும் முடியாது. சைக்கிள் கடைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க பாதி ஆயுசு எனக்கு வேண்டாம்" என்றாள். "எனக்கு நீங்க முழுசா வேணும். நடங்க, அரை மணி நேரம் ஆகல இன்னும்."

மறுநாள் காலை அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, அட்டையிலிருந்து மாத்திரையை உள்ளங்கைக்குத் தள்ளினார். அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டைவிரல் இரண்டும் யாரையும் கேட்காமல் கோட்டுக்குப் போயின. டக்.

"இந்தா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றுவிட்டது. அதில் பெரிய பாதி.

அவள் கிட்டே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கைக்கு அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை. அவருடைய இன்னொரு கையிலிருந்த சின்னப் பாதியை எடுத்தாள். பெரிய பாதியோடு ஒட்டி வைத்தாள், தப்பாக வெட்டிய துணியைச் சேர்த்துப் பார்ப்பதுபோல. பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, அந்தக் கையை அவர் வாய்ப் பக்கமே திருப்பிவிட்டாள்.

"ரெண்டையும் போட்டுக்குங்க."

"உனக்கு?"

அவள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். "பாதி குடிச்சுட்டுக் குடுங்க."

அவர் மாத்திரையைப் போட்டுப் பாதித் தண்ணீர் குடித்தார். மிச்சத்தை அவள் வாங்கிக் குடிக்கப் போனாள். அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். எதற்கென்று அவளுக்குத் தெரியும். தன் பங்கைவிட அவளுடையது கொஞ்சம் கூடவா, குறைவா என்றுதான்.

அந்த வாரக் கடைசியில் அவளுக்கு அறை சாய்வது நின்றது. கோட்டைத் தாண்டி வெட்டிய துணியை எடுத்து, ஒட்டுப்போட்டுச் சின்னப் பையனுக்கான சட்டையாக மாற்றினாள். அந்தச் சட்டைக்கு அளவு கொடுத்திருந்த பெரிய பையனுக்குப் புதுத் துணி எடுத்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் சாப்பிட்டு முடித்தார். தினமும் காலையில் இரண்டு பேரும் சைக்கிள் கடைவரை போய்த் திரும்பினார்கள். நேரம் பார்த்தது அவள்தான்.

இரண்டு வாரம் கழித்து நர்சம்மா காற்றடித்தாள். ஒரு தடவை பார்த்தாள், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். "நூத்தி முப்பத்தாறு" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே அவள் கையிலும் பட்டையைச் சுற்றி, "நூத்திப் பதினாலு" என்றாள். டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

அவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். மை காயட்டும் என்று ஊதினார். பிறகு வழக்கம்போல அவள் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தா."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். எங்கேயும் கோடு இல்லை.

"இதுல எனக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

"முழுசும்" என்றார் அவர்.